சீல் வைத்த பதினோரு டிராக்டர்கள்

கோவிந்தராஜனுக்கு வலது தோள் போய்விட்டது. எங்கேயும் போகவில்லை, இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் சட்டை மாட்டக்கூட மனைவி தங்கத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

"ரிட்டயர்டு சார். ஏழு வருஷமாச்சு."

"ரிட்டயர்டு ஆனவங்க தோள் இப்படி இருக்காதே."

தங்கம் முந்திக்கொண்டாள். "கயிறு இழுக்காங்க டாக்டர்."

"கயிறு இழுக்கிற போட்டியா? இந்த வயசுலயா?"

"எதிர்ப்பக்கம் ஆளு கிடையாது. டிராக்டர்தான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இனிமேல் ஒரு கயிறு, ஒரே ஒரு கயிறு இழுத்தாலும் நேரே ஆபரேஷன்தான் என்றார். வெளியே வந்ததும் தங்கம், "கேட்டுச்சா? இனி அந்தக் கயிறைத் தொட்டீங்கன்னா நான் தூத்துக்குடிக்குப் போயிருவேன்" என்றாள்.

"முப்பது வருஷமா இதையேதான் சொல்லுத. டிக்கெட் எடுத்த பாடில்ல."

பேச்சு என்னவோ அப்படி இருந்தாலும், கோவிந்தராஜனுக்கு உள்ளுக்குள் நிம்மதி. இதை விட்டுவிட வேண்டும் என்று அவரே இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். களைப்பு என்றால் ஒரு நாள் தூங்கி எழுந்தால் போகிற களைப்பு அல்ல. போன் அடித்தாலே தோள்பட்டை முதலில் எடுத்துப் பேசும் அளவுக்குக் களைப்பு.

தோட்டத்து டிராக்டர் என்றதும் வயலில் உழும் பெரிய வண்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது. கன்றுக்குட்டி உயரம், ஒரே சிலிண்டர், ஒருவர் மட்டும் உட்கார இரும்பு இருக்கை. பின்னால் புல் வெட்டும் கத்தியை மாட்டலாம், சின்னக் கலப்பையை மாட்டலாம். ஹைதராபாத் பக்கம் சைனிக்புரியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பழைய ராணுவக் குடும்பங்களிடம் அப்படிப் பதினொன்று இருந்தன. பதினொன்றுக்கும் ரிப்பேர் பார்த்தவர் கோவிந்தராஜன். எல்லாம் என்றோ ஏலத்தில் எடுத்தவை. ஐம்பது அறுபது வயது ஆனவை. சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் கிளம்பிவிட்டால் அதற்கு மரியாதைக் குறைவு என்று அந்த வண்டிகளுக்கு ஒரு எண்ணம்.

கோவிந்தராஜன் காஞ்சன்பாகில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். அங்கே ஒரு வழக்கம். போல்ட்டை முறுக்கினால் மட்டும் போதாது. அதன் தலையில் சின்னத் துளையிட்டு, மெல்லிய கம்பியை நுழைத்து, பக்கத்து போல்ட்டோடு பின்னல் போலப் பின்னி, முனையில் ஈயச் சீல் வைத்து அழுத்த வேண்டும். சீலில் பரிசோதகரின் எண் விழும். கோவிந்தராஜனின் எண் நாற்பத்தேழு. 47 விழுந்துவிட்டால் உள்ளே எல்லாம் சரி. அதற்குமேல் ஆண்டவனே வந்தாலும் திறந்து பார்க்க மாட்டான், திறக்க மனு எழுத வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று சீல் இடுக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். மறுவாரமே நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் அதே மாதிரி, அதே எண்ணோடு ஒன்று செய்து வாங்கிக்கொண்டார். வானத்தில் பறக்கும் சாமானுக்குப் போட வேண்டிய பின்னலைப் புல் வெட்டும் வண்டிக்குப் போட்டார். பதினோரு வண்டிக்கும் போட்டார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே எல்லோருக்கும் போன் செய்தார். இனி நாச்சாரம் மெக்கானிக் சலீமைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஐம்பது வயது, கெட்டிக்காரர், என்னைவிடக் கை வேகம் என்றார். அத்தனை பேரும் வருத்தப்பட்டார்கள். அத்தனை பேரும் சலீமைக் கூப்பிட்டார்கள். சலீமும் போனார், பார்த்தார், திரும்பி வந்தார். நாலாவது நாள் கோவிந்தராஜன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

சலீமின் மாமனார் வீடு ஆம்பூர். அதனால் தமிழ் வரும். வரும்போது துணைக்கு உருதுவையும் கூட்டிக்கொண்டு வரும்.

"சாப், என்னால ஆகாது. நக்கோ, வேண்டாம்."

"ஏன்?"

"எங்க பார்த்தாலும் சீல். சர்க்கார் கோடவுன் மாதிரி இருக்கு. நான் வெட்டினா நாளைக்கு அந்த கர்னல் சாப் சொல்வார், காஞ்சன்பாக் சாப் வச்ச சீலை சலீம் உடைச்சான், அதனாலதான் வண்டி கெட்டுச்சுன்னு. அப்புறம் டயர் பஞ்சரானாகூட என் தலைதான்."

"வெறும் கம்பி சலீம்."

"உங்களுக்குக் கம்பி. அவங்களுக்குத் தாயத்து. சாப், வண்டியை ரிப்பேர் பண்ணினா வண்டி ஓடணும். நீங்க பண்ணினது, வண்டியும் ஓடக் கூடாது, நீங்களும் ஓடக் கூடாது."

வாசலுக்கு வந்த தங்கத்துக்கு இந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போய், சலீமுக்கு இரண்டாவது தடவையாக டீ கொடுத்தாள்.

ஆக, விடுதலைக்கு ஒரே வழி, சீலை வைத்தவரே போய் வெட்டுவது. உரிமையாளர் கண் முன்னால் வெட்டி, இனி சலீம் பொறுப்பு என்று சொல்லிவிட வேண்டும். முதல் வண்டி ஸ்டெல்லா மேடத்தினுடையது. காலமான ஒரு மேஜரின் மனைவி. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவர் வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. மே மாதம் வந்தால் அரை மணி ஓடியதும் கொதித்து நின்றுவிடும். ஆறு வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் கோவிந்தராஜன் போவார். எண்ணெய் மாற்றுவார், பிளக் மாற்றுவார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார், நாற்பது தடவை கயிறு இழுப்பார். "ஹைதராபாத் வெயில் மேடம், மெஷின் என்ன செய்யும்?" என்பார். அவரும், "யெஸ், இந்த க்ளைமேட் என் ஹஸ்பண்டையே விட்டு வைக்கலை" என்பார். தோளில் பாதி அந்தத் தோட்டத்தில்தான் போனது.

இந்த மே மாதமும் வண்டி நின்றிருந்தது. சலீம் பக்கத்தில் நிற்க, கோவிந்தராஜன் இடது கையில் கட்டரோடு குனிந்தார்.

"வெயிட், மிஸ்டர் ராஜன்." ஸ்டெல்லா கையை நீட்டித் தடுத்தார். "சீலை எடுத்துட்டா நான் எதை நம்பி இதுல உட்காருவேன்?"

"சலீமை நம்பி, மேடம்."

"ஹி லுக்ஸ் நைஸ். பட் நம்பர் இல்லையே."

"நம்பரா? ஆதார் நம்பர் கொடுக்கவா மேடம்?" என்றார் சலீம்.

கோவிந்தராஜன் கட்டரைக் கம்பியில் வைத்தார். வெட்டினார். முப்பத்துநான்கும் ஏழும் நாற்பத்தொரு வருஷத்தில் தன் சீலைத் தானே வெட்டுவது அதுதான் முதல் தடவை. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நகம் வெட்டுவது போல ஒரு 'டிக்'.

சலீம் இஞ்சினைச் சுற்றியிருந்த தகரக் கூட்டைக் கழற்றினார். காற்று உள்ளே புகுந்து சிலிண்டரைக் குளிர வைப்பதற்காக இருக்கும் கூடு அது. உள்ளே எட்டிப் பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பிறகு இரண்டு விரலை விட்டு, மெதுவாக ஒரு துணியை இழுத்தார். நீலத் துணி, ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பேறியிருந்தது. துணியோடு ஒரு பாக்கெட்டும் வந்தது. பாக்கெட்டில் தொழிற்சாலையின் முத்திரை தைத்திருந்தது.

சலீம் துணியை விரித்துப் பிடித்தார்.

கோவிந்தராஜனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆறு வருஷம் முன்பு, போல்ட் உள்ளே விழுந்துவிடாமல் இருக்க அடைத்து வைத்த கிழிந்த யூனிஃபார்ம் சட்டைத் துண்டு. எடுக்க மறந்து, கூட்டை மூடி, பின்னல் போட்டு, 47 அழுத்தியிருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு மே மாதமும் வண்டியில் எதையெல்லாமோ கழற்றினார், இந்தக் கூட்டை மட்டும் தொடவில்லை. சீல் அப்படியே இருந்ததே! சீல் இருந்தால் உள்ளே எல்லாம் சரி அல்லவா?

"இது என்ன, ராஜன்?" என்றார் ஸ்டெல்லா. மிஸ்டர் போயிருந்தது.

வெயில் என்று சொல்லலாம். எலி இழுத்துக்கொண்டு போய் வைத்தது என்றும் சொல்லலாம். சலீம்கூட உதவிக்கு, "சூஹா, மேடம், பெரிய சூஹா..." என்று ஆரம்பித்தார்.

"என் சட்டை மேடம்," என்றார் கோவிந்தராஜன். "நான்தான் மறந்து வச்சு மூடிட்டேன். வெயில் மேல தப்பில்லை."

சலீம் கூட்டை மாட்டி, சாதாரண வாஷர் போட்டு முறுக்கி, கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. ஒரு மணி நேரம் ஓடியது. உச்சி வெயிலில் ஸ்டெல்லா அதன்மேல் உட்கார்ந்து தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில் ஒரு கையால் போனை எடுத்து யாரிடமோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கோவிந்தராஜன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி மற்ற பத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் போன் ஓய்வுபெற்ற ஒரு கர்னலிடமிருந்து.

"கோவிந்தராஜன், ஸ்ட்ரெய்ட்டா சொல்லுங்க. எங்க வண்டிக்குள்ளயும் உங்க சட்டை இருக்கா?"

பரிசோதகருக்கு இரண்டே பதில்தான் உண்டு, சரி அல்லது தள்ளுபடி. நடுவில் எதையும் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

"இருக்கலாம் சார்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம். சலீமைக் கூப்பிட்டு வெட்டிப் பாருங்க. நான் வர வேண்டியதில்லை."

"அஃப்கோர்ஸ் நீங்க வேண்டாம்," என்றார் கர்னல் கொஞ்சம் வேகமாகவே. அது வலிக்கும் என்று கோவிந்தராஜன் காத்திருந்தார். தோளைவிடக் குறைவாகத்தான் வலித்தது. அடுத்த போனில் "இருக்கலாம்" கொஞ்சம் சுலபமாக வந்தது. ஐந்தாவதில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். பத்தும் முடிந்ததும் போனைத் தலைகுப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, பட்டப்பகலில், சட்டைகூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தார்.

தங்கம் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து தோளுக்கு அடியில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"ஏங்க, அந்த நீலச் சட்டையை நாலாக் கிழிச்சுல்லா உங்ககிட்ட கொடுத்தேன். மிச்சம் மூணு துண்டு எங்க?"

கோவிந்தராஜன் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியலை," என்றார். "சலீம் கண்டுபிடிச்சிருவாரு."