காவலுக்கு நின்ற ஹாருவான்

என் மனைவிக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். புண் ஆற ஹாருவான் சூப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் விரால் என்பார்களே, அதே மீன். பாசாரில் விற்கும் வளர்ப்பு மீன் கூடாதாம், ஏரி மீன்தான் வேண்டுமாம். என் வாய் சும்மா இருக்குமா? “நானே புடிச்சிட்டு வாரேன் அத்தை” என்று மார்தட்டினேன்.

மறுநாள் காலை, புந்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நண்பனோடு செண்டெரோ ஏரிக்குப் போனேன். சம்பான் படகில் மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். ஒன்றும் கடிக்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அப்போது கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் உலைபோலக் குமிழியிட்டது. சிவப்புச் சிவப்பாக ஹாருவான் குஞ்சுகள்! அடியில் பெரியது ஒன்று நிற்கிறது என்று அர்த்தம். தூண்டிலில் மாட்டியிருந்த ரப்பர் தவளையைக் குஞ்சுகளின் நடுவிலேயே வீசினேன். பசியில் இல்லை, கோபத்தில் பாய்ந்து கவ்வியது. என்னைப் போலவே முன்கோபி.

தூக்கிப் பிடித்துக் கூச்சல் போட்டேன். நண்பன் சிரிக்கவில்லை.

“அங்க பாரு மச்சான்.”

குஞ்சுகள் சிதறிக் கிடந்தன. வேறு மீன்கள் வந்து கொத்த ஆரம்பித்திருந்தன.

“இத கொண்டு போயிட்டா ஒன்னும் மிஞ்சாது லா. எல்லாரும் இப்படிப் பண்ணித்தான் ஏரியில ஹாருவானே கொறஞ்சு போச்சு.”

“தாயா?”

“இல்ல, அப்பன். இதுல அப்பன்தான் காவல்.”

ஒன்பது நாளாகத் தூக்கப் பயந்து எட்ட நின்றே பார்த்த என் மகள் நினைவுக்கு வந்தாள். திட்டிக்கொண்டேதான் கொக்கியைக் கழற்றி மீனை விட்டேன். அது நேராகக் குஞ்சுகளிடம் போனது. சிவப்பு மறுபடி ஒன்றுசேர்ந்தது. அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியுமா? பாசாரில் கடை மூடும் நேரத்தில் ஒரு ஹாருவானை வாங்கிப்போய், ஏரி மீன் என்று நீட்டினேன். கழுவப் போன மாமியார் மீனோடு திரும்பி வந்தார்.

“ஏன் மாப்பிள்ளை, தூண்டில்ல மாட்டுன மீனுக்கு வாயில ஒரு கீறல் கூட இல்லையே?”

அகப்பட்டுக்கொண்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது” என்றாள் மனைவி.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. “அப்பனா காவலுக்கு நின்னுச்சு?”

“ஆமா அத்தை.”

கையைத் துடைத்துக்கொண்டு போய், பிள்ளையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

“அப்போ புடிங்க. சூப்பு கொதிக்கிற வரைக்கும் நீங்கதான் காவல்.”