பொத்தானும் காலரும்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'டாக்டரம்மா'. வேதியியல் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவளுக்கு மருந்தாளுநர் படிப்பு ஒரு கேடா என்று கிண்டல். கிண்டலில் மகளுக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் படிப்பில் சேர வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதிலும் தோற்றால் ஆயுளுக்கும் பொத்தான்தான். அவள் விடுவதாயில்லை.

இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது ஒரே வகைக் கணக்கு. இரண்டு பொருள்கள் வினைபுரியும்போது எது முதலில் தீரும்? கண்ணை மூடிக்கொண்டு எடை குறைந்ததை எழுதிவிடுவாள்.

"நாலு கிராம் ஹைட்ரஜன், இருபது கிராம் ஆக்ஸிஜன். எது மொதல்ல தீரும்?" என்றாள் மகள், இஸ்திரி போட்டுக்கொண்டே.

"ஹைட்ரஜன். நாலுதானே இருக்கு?"

"ஐயோ அம்மா! ஆக்ஸிஜன்தான். எடைய பாக்காத, மோலா மாத்து, எத்தன துகள் இருக்குன்னு எண்ணு. சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது."

"வலிக்கட்டும். உனக்குப் பேசக் கத்துக்குடுத்தப்ப எனக்கு வலிக்கலையா? மறுபடி சொல்லு."

அன்று வேலையில், காலர் மூட்டை கனமாக இருந்தது. பொத்தான் ஒரு சின்னப் பொட்டலம். பொத்தான்தான் பற்றாது என்று அவளே சொல்லி இன்னொரு பொட்டலம் வரவழைத்தாள். மதியத்துக்குள் காலர் தீர்ந்தது. இயந்திரங்கள் நின்றன. முதல் பொட்டலத்திலேயே பொத்தான் மிச்சம்.

மேற்பார்வையாளர் பிடிபிடி என்று பிடித்தார். அவளுக்கோ சிரிப்பு வந்தது. பொத்தானுக்கு எடை குறைவு, எண்ணிக்கை அதிகம். சட்டைக்கு எட்டு போனாலும் மிஞ்சுகிறது. காலர் கனம்தான், எண்ணினால் கொஞ்சம்.

"திட்டினா சிரிக்கிறீங்களே, டாக்டரம்மா?"

"புரிஞ்சிருச்சு சார்!"

தேர்வில் அதே வகைக் கணக்கு வந்தது. இரண்டு கிராம் ஹைட்ரஜன், முப்பத்திரண்டு கிராம் ஆக்ஸிஜன். மோலாக மாற்றினாள், இரண்டும் ஒவ்வொரு மோல். தண்ணீருக்கு ஒரு பங்கு ஆக்ஸிஜன் என்றால் இரண்டு பங்கு ஹைட்ரஜன் வேண்டும். அப்படியானால் முதலில் தீர்வது ஹைட்ரஜன்.

இது அவளுடைய பழைய தப்பு விடையாயிற்றே! மறுபடி எண்ணினாள். ஹைட்ரஜன்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே எழுதினாள்.

தேர்வு மைய வாசலில், விடையைக் கேட்ட மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஹைட்ரஜனா? போச்சு! மறுபடி எடைய பாத்தியா?"

"எண்ணிட்டுத்தான்டி எழுதினேன். நீயும் எண்ணிப் பாரு."

மகள் உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள். இன்னொரு முறையும் போட்டாள். பிறகு நடுத்தெருவிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு, "டாக்டரம்மா" என்றாள். இந்த முறை அதில் கிண்டல் இல்லை.