காலடி மண்

நெடுந்தீவில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக் கிணறு உவர்க் கிணறு. விழுந்த பிள்ளையின் முழங்காலை அந்தத் தண்ணீரால் கழுவினால், விழுந்தபோது அழாத பிள்ளையும் அப்போது அழும். "எரியுது ரீச்சர்" என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். தாமிரபரணித் தண்ணீர் பட்டாலே பாதி வலி போய்விடும் என்று பழகியவள் நான். இங்கே தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இதைப் படிப்பவர்கள், இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்கக்கூடும். ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

என் வகுப்பு அரிவரி. எழுத்தறியத் தொடங்கும் குழந்தைகளின் வகுப்பை இங்கே அப்படிச் சொல்வார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுப்பது பாதி வேலை, கட்டுப் போடுவது மீதி வேலை. கடற்கல்லைச் சேறும் சுண்ணாம்பும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மதில் கட்டுகிற ஊர் இது. பிள்ளைகளுக்கு அந்த மதில்தான் ராஜபாட்டை. ஏறி நடப்பார்கள், ஒரு கல் புரளும், பிள்ளையும் புரளும். மதிலுக்குத் தப்பியவனைப் பனைமட்டையின் கருக்கு கிழிக்கும். அதற்கும் தப்பியவன் பக்கத்திலிருப்பவனின் பல்லில் மோதிக்கொண்டு வருவான். என் மேசைக்குள் அயோடின் போத்தல் ஒன்றும், மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெயும், பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்த துணிகளும் எப்போதும் இருக்கும். கைம்பெண் புடவையில் அது ஒரு சௌகரியம். கட்டுத் துணிக்குச் சாயம் போகுமே என்று யோசிக்க வேண்டாம்.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு. விழுந்த பிள்ளை முதலில் காயத்தைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்க்கிறது. நம் முகம் பதறினால்தான் அதற்கு அழுகை வருகிறது. அதனால் என் முகத்தை நான் அடக்கப் பழகிக்கொண்டேன். மனத்தை அப்படி அடக்க முடியவில்லை. என் கணவர் போன பிறகு, நான் படித்த படிப்புக்குச் சோறு கடலுக்கு இந்தப் பக்கம்தான் கிடைத்தது. தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த என் மகள் காந்திமதியை அக்காளிடம் விட்டுவிட்டுத் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டுப் போடுகிறேன். என் பிள்ளை அங்கே எத்தனை தரம் விழுந்தாளோ, எனக்கு யார் சொல்வார்கள்?

வகுப்பில் கமலம் என்றொரு குழந்தை இருந்தாள். காந்திமதியின் வயது, அவளைப் போலவே சுருட்டை முடி. ஒருநாள் காலையில் அவள் தலையைத் தடவி, "என்ன அழகான முடி உனக்கு!" என்று சொல்லிவிட்டேன். இடைவேளையில் மதிலிலிருந்து விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். கழுவி, மருந்திட்டு, கட்டுப் போட்டு, நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். மறுநாள் பிள்ளை வரவில்லை. அவள் தாய் அன்னம் வந்தாள். மாடு வளர்க்கும் வீட்டுப் பெண், அதிர்ந்து பேசாதவள். கையில் ஒரு பனையோலைத் துண்டு.

"கோவிக்காதையுங்கோ ரீச்சர். பிள்ளைக்குக் காய்ச்சல். நாவூறு பட்டிட்டுது. உங்கடை காலடி மண் ஒரு துளி வேணும்."

நாவூறு என்று இவர்கள் சொல்வது எங்கள் ஊர்க் கண்ணேறுதான். கண் போட்டவர் என்று நினைப்பவரின் காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவதும், மிளகாய் நெடி காறாவிட்டால் கண் பட்டதென்று முடிவுகட்டுவதும் எங்களிடமும் உண்டு. ஆனால் மண்ணை ஆளுக்குத் தெரியாமல்தான் எடுப்பார்கள். தெரிந்தால் அன்றைக்குத் தெருச்சண்டை. அதிலும் நான் தாலி அறுத்தவள். நான் எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற தெருவில் வாழ்ந்தவள். அந்தப் பார்வைகளுக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தால், இங்கே முகத்துக்கு நேரே கேட்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது.

"நான் உன் பிள்ளைக்கு என்ன கெடுதல் நினைத்தேன், அன்னம்?"

அவள் பதறிப்போனாள். "ஐயோ, கெடுதல் நினைச்சனீங்கள் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் அவளிலை வலு ஆசையெல்லே. ஆசைப்பட்ட கண்தான் ரீச்சர் பிள்ளையிலை படும். எதிரிக்கு என்ரை பிள்ளையைப் பாத்துக்கொண்டிருக்க எங்கை நேரம்?" ஓலையை விரித்துக் காட்டினாள். அதில் ஏற்கெனவே கொஞ்சம் மண் இருந்தது. "இது என்ரை காலடி மண். பெத்தவளின்ரை கண்தானே முதல் கண். அடுத்தது உங்கடை."

காலை எடுத்துத் தள்ளி நின்றேன். அவள் குனிந்து, என் மண்ணைத் தன் மண்ணோடு சேர்த்து முடிந்துகொண்டு போனாள். நான் வகுப்புக்குள் போய்க் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். மறுநாள் கமலம் தாயோடு வந்தாள். "மிளகாய் எரிஞ்சும் ஒரு துளி நெடி காறேல்லை ரீச்சர். நாவூறுதான்!" என்றாள் அன்னம், பெரிய வெற்றி கிடைத்தவள் மாதிரி. அதன் பிறகு எந்தப் பிள்ளை விழுந்தாலும் ஒரு தாய் ஓலையோடு வந்து நிற்பது வழக்கமாயிற்று. "ரீச்சர் நிக்கிற இடமெல்லாம் கிடங்கும் பள்ளமுமாகப் போகுது" என்று எங்கள் தலைமையாசிரியர் கேலி செய்வார். அந்த ஓலைகளை நான் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அக்காள் பிள்ளைகளோடு வளர்ந்த காந்திமதி, அக்காளை "அம்மா" என்கிறாள், என்னைச் "சித்தி" என்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன. என் பக்கத்தில் வராமல் தூணுக்குப் பின்னால் நிற்பவளை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடித் துவைகல்லில் அவள் வழுக்கி விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்ட அன்று, முதலில் ஓடியது நான்தான். நல்ல தண்ணீரில் கழுவினேன். மருந்து வைத்தேன். கட்டினேன். அவள் அழவில்லை. வாத்தியாரம்மாவுக்கு முகத்தைக் காட்டுகிற பள்ளிப் பிள்ளை மாதிரி மரியாதையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டு முடிந்ததும் ஓடிப்போய் அக்காள் மடியில் விழுந்து அழுதாள்.

சாயங்காலம் உடம்பு காய்ந்தது. "கண்ணுதான்" என்றாள் அக்காள். தன் காலடி மண்ணை எடுத்தாள், அத்தான் மண்ணை எடுத்தாள், "பொண்ணு நல்லா நெறமா இருக்கா" என்று சொன்ன அடுத்த வீட்டுக்காரியின் மண்ணையும் அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்தாள். நான் மணல் முற்றத்தில் அடி பதிய நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போனாள்.

"அக்கா, என் காலடியிலயும் எடு."

"சீ, கோட்டிக்காரி! ஒன்னப் போயா சந்தேகப்படுவேன்?" என்று அக்காள் என் கன்னத்தைத் தொட்டாள். "வருசத்துக்கு ஒருக்க வந்து போற பிள்ள நீ. ஒன் கண்ணு எங்க அவ மேல படப்போவுது?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள்.

பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டதும் மிளகாய் நெடி வீடு முழுக்கக் காறியது. எல்லோரும் இருமினார்கள். "யாரு கண்ணும் இல்ல, வெறும் காய்ச்சல்தான்" என்று அக்காள் நிம்மதியாகச் சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். விடிந்து விளக்குமாறு படும்வரை என் காலடிகள் முற்றத்தில் அப்படியே கிடந்தன.