ஸ்டூடியோ நாகேந்திரத்தின் பாலம்

"என்ரை பாலத்திலை நிண்ட ஒருத்தரும் இஞ்சை மிஞ்சினதில்லை. எல்லாரும் அக்கரைதான்."

வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நாகேந்திரம் இப்படிச் சொல்லும்போது, பாலம் கட்டியவர்களுக்குரிய அடக்கம் அவரிடம் இருக்காது. அவர் அதைக் கட்டவில்லை என்பது காரணமாகலாம். பாலம் சுவிஸில் இருந்தது. ஆழமான மலையிடுக்கை ஒரே வளைவில் தாண்டி, முதுகில் வீதியைச் சுமந்து நின்றது. வெகு கீழே ஆறு நூலாய்க் கிடந்தது. மைத்துனர் அங்கிருந்து அனுப்பிய அதன் படத்தைச் சுவரளவு பிளெக்ஸில் அடித்து மாட்டினார் நாகேந்திரம். பாமன்கடைப் பட்டறையொன்றில் ஒட்டுவித்த இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்றை அதன் முன்னால் வைத்தார். கூந்தல் பறக்க ஒரு மின்விசிறி. முதலில் வெளிச்சம் பார்ப்பதற்காக மனைவி அருந்ததியை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பாலம் திறக்கப்பட்டது.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பவேண்டிய பெண்கள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் வந்து கம்பியைப் பிடித்து நின்றார்கள். நுணுக்கமாகப் பார்த்தால், அவர்கள் நிற்பது பாலத்தில் அல்ல, பள்ளத்துக்கு மேலே வெறும் ஆகாயத்தில் என்பது தெரியும். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஒரேயொரு மாப்பிள்ளை மட்டும் பாலத்தை அடையாளம் கண்டார். அவருக்கு அதனருகில்தான் வேலை. "பொம்பிளை சுவிசுக்கு வந்துபோனதை ஏன் மறைச்சனியள்?" என்று தரகரைக் கேட்டார். விளக்கம் கொடுக்கப்பட்டது, கலியாணமும் நடந்தது. பொம்பிளை, நாகேந்திரத்தின் ஒரே மகள் மிதுனா.

போன வருடம் அருந்ததி செத்துப்போனாள். மரணவீட்டை வெளிநாட்டு உறவினருக்கு நேரலையாகக் காட்ட வந்த பையனுக்கு, வெளிச்சம் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று நாகேந்திரம் சொல்லிக்கொடுத்தார். அழவில்லை. மாலைபோட்ட படம், அன்று வெளிச்சம் பார்க்க எடுத்ததுதான். வெட்டியெடுத்தும் தோளோரம் பாலத்தின் வளைவு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதன்பிறகு அவர் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே கடையைத் திறந்தார், பூட்டினார்.

"தனிய இருந்தது காணும் அப்பா. கடையை விட்டிட்டு வந்து எங்களோடையே இருங்கோ," என்றாள் மிதுனா.

"ஓம்," என்றார். மாட்டேன் என்பதற்கும் அதே குரல்தான் இருந்திருக்கும்.

விசாவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும். பாலத்தை வேட்டியால் மூடிவிட்டுத் தன்னைத்தானே எடுத்துக்கொண்டார். பக்கத்துப் புடவைக்கடை ஷிராஸ் எட்டிப் பார்த்தார்.

"பாலத்தில நிக்காம எப்படி அண்ணன் போற? வாங்க, நான் எடுக்கிறேன்."

வேட்டி இறங்கியது. நாகேந்திரம் கம்பியைப் பிடித்து நின்றார். மின்விசிறிக்குப் பறக்க அவர் தலையில் அதிகம் இல்லை. ஆகவே விதிப்படி அவரும் பாலமேறியவரானார்.

விசா வந்தது. மிதுனா, பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினாள். நாகேந்திரம் அதைக் கடைசிவரை பார்த்தார்.

"இதிலை பாலத்தைக் காணேல்லையே, பிள்ளை."

"அதுக்கு மேலை போகேக்கை அது எப்பிடியப்பா தெரியும்?"

அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பயண நாளன்று மிதுனா தொலைபேசியில் வந்தாள்.

"வெளிக்கிட்டாச்சே?"

"இல்லைப் பிள்ளை."

"ஏர்போட்டுக்கு வான் வரேல்லையோ?"

"வந்தது. அனுப்பிப்போட்டன்."

"ஏனப்பா?"

நாகேந்திரம் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். ஒரு காரணமும் அகப்படவில்லை.

"கடையிலை நிக்கிறன்," என்றார்.

"சாப்பிட்டியளே?" என்று கேட்டாள் மிதுனா.

அவர் தொலைபேசியை வைத்தபோது, கொட்டாஞ்சேனைத் தாயொருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மகள் சேலையில், முகத்தில் பவுடரோடு.

"இதுதானே அந்தப் பாலம்? இதிலை நிண்டவை எல்லாரும் வெளிநாடு போட்டினமாமே?"

நாகேந்திரம் கம்பியில் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தார்.

"அநேகமா எல்லாரும்," என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டார்.