இடைவேளையோடு எழுந்தவர்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் திரை விமர்சகருக்கு வெள்ளிக்கிழமை என்பது ஓடி ஓய முடியாத கிழமை. பேய்ப் படம், அடிதடிப் படம், காதல் படம், குடும்பப் படம் என நான்கும் ஒரே நாளில் வெளியாகும். நான்குக்கும் மறுநாள் காலைப் பத்திரிகையில் விமர்சனம் வந்தாக வேண்டும். அரங்குகளோ ஊரின் நான்கு மூலைகளில். ஓடுவதற்கு அவரிடம் இருந்தவை ஐம்பதைக் கடந்த இரண்டு முழங்கால்கள்.

ஆகவே நெடுநாள் முன்பே ஒரு வழி கண்டிருந்தார். இடைவேளை வரை பார்ப்பார்; விளக்கு எரிந்ததும் எழுந்துவிடுவார். மீதிப் பாதியை அவருடைய அனுபவமே ஓட்டிக் காட்டிவிடும். கிணற்றைக் காட்டினால் பேய் அதிலிருந்துதான் வரும். அளவுக்கு மீறிச் சிரிக்கும் நண்பனே துரோகி. ஒருமுறையும் பிசகியதில்லை. முதலில் அது கர்வமாக இருந்தது, பின்னர் பழக்கமாயிற்று, இப்போது வெறும் அலுப்பு. வாசலில் சீட்டுக் கிழிப்பவர் அவருக்குப் பட்டமே சூட்டியிருந்தார்.

"வாங்க இடைவேளையாரே. இன்னைக்கும் அரை டிக்கெட்தானா?"

இந்தக் கோடையின் குடும்பப் படத்தை இயக்கியவன் அவர் மனைவியின் தம்பி. பல காலம் பிறர் படங்களில் கைகட்டி நின்றவனுக்குக் கிடைத்த முதல் படம். வேறு யாரையேனும் அனுப்பும்படி பத்திரிகை ஆசிரியரிடம் மன்றாடிப் பார்த்தார். கோடையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கைவிரித்துவிட்டார். மனைவி கணவரின் எழுத்தில் தலையிட்டவள் அல்லள். ஆயினும் அவருடைய அரைப் பார்வையை அறிந்தவள். அன்று காலை அவர் செருப்பை மாட்டும்போது அருகே வந்து நின்றாள்.

"நல்லா எழுதுங்கன்னு கேக்கல. முழுசா பாத்துட்டு எழுதுங்க, அது போதும்."

சரி என்றார். மனமாரத்தான் சொன்னார்.

அந்தப் படம் அன்றைக்கு மூன்றாவதாக வாய்த்தது. தந்தையோடு சண்டையிட்டு வெளியேறிய மகன் பெட்டியோடு திரும்பி வந்து வாசற்கதவைத் தட்டுகிறான்; இடைவேளை. தேநீர் குடித்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் வெளியே வந்தார். கண் எரிந்தது, முழங்கால் கடுத்தது, நான்காம் படம் ஊரின் மறுகோடியில் காத்திருந்தது. மணி அடித்தபோது கால்கள் தாமாகவே தெருவில் இறங்கின. தந்தை கதவைத் திறப்பார், கட்டித் தழுவுவார், எல்லோரும் ஒரே மேசையில் உண்பார்கள். இதற்கு மேல் என்ன இருந்துவிடப் போகிறது?

'பிற்பாதியில் தந்தையின் மன்னிப்பு கண்ணீரால் கனத்து, வழக்கமான முடிவில் போய்ச் சாய்கிறது' என்று மறுநாள் அச்சேறியது. மைத்துனன் என்று சலுகை காட்டவில்லையே என அவருக்கு உள்ளூரப் பெருமிதம் வேறு.

அன்று பகல் காட்சிக்குத் தம்பியோடு போய் வந்த மனைவி, ஒரே பாத்திரத்தை வெகுநேரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த அப்பா கதவைத் திறக்கவே இல்லைங்க," என்றாள். "கடைசி வரைக்கும்."

விமர்சனத்தைத் தம்பி படித்தானா என்று அவர் மெல்லக் கேட்டார்.

"படிச்சான். கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. பாவம், அத்தான் களைச்சுப் போயிருப்பாருன்னு சிரிச்சான். எனக்குத்தான் உடம்பு கூசிப் போச்சு."

ஈற்றடி காதில் விழும் முன்பே பாட்டை எடைபோட்டவனுக்கு என்ன பெயரோ, அதுதான் தமக்கும் என்று அவருக்குப் பட்டது. திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். யாரும் கவனிக்கவில்லை, விட்டுத்தள்ளுங்கள் என்றார் ஆசிரியர். திருத்தம் வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவர் சொல்லிவிட்டு அரங்குக்குப் போனார். சரியாக இடைவேளை.

"எல்லாரும் வெளிய வர்ற நேரத்துல உள்ள போறீங்க. வழி தவறிட்டீங்களா?" என்றார் சீட்டுக் கிழிப்பவர்.

மகன் எதிர்வீட்டு மாடியில் குடியேறி, மாலைதோறும் வந்து கதவைத் தட்டுகிறான். தட்டும் ஓசை கேட்டதும் தந்தை வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுகிறார். ஒருநாள் தட்டல் கேட்கவில்லை. தந்தை வானொலியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் படம். விளக்கு எரிந்த பிறகும் விமர்சகர் எழவில்லை.

வெளியே மைத்துனன், கலைந்து செல்வோரின் முகங்களைப் பார்த்தபடி தூணோரம் நின்றிருந்தான்.

"நடுவுல கொஞ்சம் இழுக்குது. அந்தப் பாட்டும் வேண்டாம்," என்று தொடங்கினார். பிறகு அதை விட்டுவிட்டார். "அவர் கதவைத் திறக்க மாட்டார்னு எனக்குத் தோணவே இல்ல, தம்பி."

"தோணக் கூடாதுன்னுதான் அத்தான் ரெண்டு வருஷம் முட்டி மோதி எழுதினேன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

காணாத பாதியைக் கண்டதாக எழுதியது தம் பிழையே என்ற திருத்தம், வானிலைக் குறிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் வந்தது. அதற்குள் படத்தைப் பாதி அரங்குகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். மனைவி படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள். மறுநாள் அவரோடு பழையபடி பேசினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஒரு பேய்ப் படம் வந்தது. முதற்காட்சியிலேயே கிணற்றைக் காட்டிவிட்டார்கள். இடைவேளை விளக்கு எரிந்து அணைந்தது. பேய் அதே கிணற்றிலிருந்து, அவர் எண்ணிய அதே கூந்தலை விரித்துக்கொண்டு, ஆடி அசைந்து ஏறி வந்தது. விமர்சகர் கொட்டாவியை அடக்கி, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.