மூலையில் இல்லாத பெயர்

ஐயம்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஆரி வேலை சொல்லித்தரும் அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். ஜாக்கெட் துணியில் ஊசியால் பூ எடுப்பதை அவர் கேமரா முன் செய்து காட்டுவார். நான் அதை வெட்டி ஒட்டி, பணம் கட்டியவர்களுக்கு அனுப்புவேன்.

கல்யாண சீசன் நேரத்தில் அந்த வீடியோக்கள் வேறு யாரோ ஒருவரின் சேனலில் வந்துவிட்டன. மூலையில் இருந்த அக்காவின் பெயரை வெட்டி, குரலை எடுத்துவிட்டுப் பாட்டு போட்டிருந்தார்கள். கைகள் மட்டும் அக்காவுடையவை.

அக்கா என்னை வரச் சொன்னார். துணியை மடித்தபடியே பேசினார்.

"உன்ன சந்தேகப்படலமா. ஆனா எல்லா ஃபைலும் உங்கிட்டதான இருக்குது?"

அந்த 'ஆனா' என்னை உட்காரவிடவில்லை.

வகுப்பு தொடங்கியபோதே ஒரு கம்பெனி மூலமாக ஒவ்வொருவர் பிரதியிலும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்றைச் சேர்த்திருந்தோம். அது படத்தின் நிறத்துக்குள்ளேயே கலந்திருக்கும். ஓரத்தை வெட்டினாலும் போகாது. அதைப் படிக்க அந்தக் கம்பெனியால்தான் முடியும். என் பிரதிக்கும் தனி அடையாளம் உண்டு என்று நானே அக்காவுக்கு நினைவுபடுத்தினேன். அந்தச் சேனலில் வந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்பினோம்.

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. என் லேப்டாப்பில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அவள் யாருக்காவது அனுப்பியிருந்தால்? அவளிடம் கேட்கவும் மனம் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் அக்காவின் போனுக்குப் பதில் வந்தது. படித்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். சேனலில் வந்தது ஒரு வெளியூர் மாணவியின் பிரதி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அந்தப் பெண்ணுக்கு போன் போட்டார். அவள் அழுதாள். கற்றுக்கொள்ளட்டும் என்று சித்தி மகளுக்குக் கொடுத்தாளாம். சேனல் நடத்துவது அந்தச் சித்தி மகள்தான். கம்பெனியின் பதிலை இணைத்து வீடியோ தளத்தில் புகார் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் வீடியோக்கள் காணாமல் போயின.

"அந்தப் பொண்ண வகுப்புலேந்து எடுத்துடலாமா?" என்று அக்கா கேட்டார்.

"வேணாங்க்கா. நம்பித்தான குடுத்துட்டாங்க, இருக்கட்டும்."

அக்கா தலையாட்டினார். பிறகு, "அன்னைக்கு எனக்கு வேற யாரக் கேக்கறதுன்னு தெரியலமா" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகுதான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. நல்ல பசி.