மூட்டைத் தராசில் ஏறிய எடை

பள்ளங்கி கிராமத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். சந்தையில் ஒருவர் விற்கும் சூரணத்தைத்தான் நம்பியிருந்தார். உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் சந்தைக்குச் சந்தை ஏறி நிற்பது அவர் வழக்கம். போன தை மாதம் ஒரே வாரத்தில் நாலு கிலோ கூடியிருந்தது.

"பாத்தியாலே, என் சூரணம் ஒங்கப்பன தேத்திருச்சு!" என்றார் கடைக்காரர்.

"கால் வீங்கிக் கெடக்குங்க. மேடு ஏறுனா மூச்சு வாங்குது" என்றேன்.

"நாலெழுத்துப் படிச்சா நீ வைத்தியனாலே?"

சந்தையே சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாம் நாள் அப்பாவால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். காய்கறி லாரியில் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கூடுனது சதை இல்ல தம்பி, தண்ணி. சர்க்கரை உள்ளவங்களுக்கு இருதயம் தளர்ந்தா இப்படித்தான் காட்டும்" என்றார் டாக்டரம்மா. அப்பா மயிரிழையில் பிழைத்தார்.

இப்போது சந்தை நாளில் அந்தக் கடைக்கு நேர் எதிரே தராசைப் போடுகிறேன். சர்க்கரை உள்ளவர்களை ஏற்றி எடை பார்த்து, கணுக்காலை அழுத்துகிறேன். தண்ணீர் கோத்துக் குழி விழுந்தால், கடைக்காரர் காதில் விழும்படி, "சூரணத்த நம்பாம வெரசா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறேன். அவர் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொள்கிறார். மீதியையும் சாத்தும்வரை நான் தராசை எடுக்கப்போவதில்லை.